மடிப்பு வெட்டாத மூன்றாம் பாகம்

"ஒரு மனுஷன் பத்து வருஷமா தினம் ரெண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரே புத்தகத்தைப் படிச்சு அழறாருன்னா, அதுக்குள்ள என்ன இருக்கும் ஜெத்ரோ?"

"வெங்காயம் இருக்கும் அம்மா."

திருமதி பெல்லாமி சிரிக்கவில்லை. ஆல்டர்கூம் மாளிகையின் புத்தக அறையில், நாற்காலிமேல் ஏறி நின்று கொண்டிருந்தார். கையில் அந்தப் புத்தகம், தடிமனான ஒரு பிரசங்கத் தொகுதி. பன்னிரண்டு பாகங்களில் முதல் பாகம். தோல் அட்டை இரண்டு பக்கமும் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தது.

அந்த அம்மாள் மார்ட்டன் சந்தையூரில் பைண்டிங் கடை வைத்திருக்கிறவர். புருஷன் போனபின் கடையும் அவர்தான், ஊரில் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவதும் அவர்தான். போன மாதம் பாதிரியாரின் பன்றியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நான் அவருடைய வண்டிக்காரன், ஜெத்ரோ கிம்பர். அதற்கு முன் பதினாறு வருஷம் தபால் கோச்சில் கொம்பு ஊதினவன். வாய் ஓயாமல் பேசுவது அந்த வேலையில் வந்த வியாதி.

ஆனால் அன்றைக்கு மட்டும், பேசாமல் இருந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அந்தப் புத்தகத்தைப் படித்து அழுகிறவர், மாளிகையின் எஜமான், ஊர் மாஜிஸ்ட்ரேட் துரை ஹம்ஃப்ரி டான்ஸ்லி வியாழக்கிழமை விடிகாலையில் எக்ஸிடருக்கு நீதிமன்ற வேலையாகப் போய்விட்டார். அன்று சாயங்காலமே அவருடைய காகிதம் வெட்டும் கத்தியைக் காணவில்லை. தந்தத்தில் செய்தது, இலை மாதிரி மெல்லியது, அவருடைய அம்மா வைத்துவிட்டுப் போனது. புத்தக அறையைத் தூசு தட்டுகிறவள் வேலைக்காரி ஹெஸ்டர் ஒருத்திதான். அவள் வியாழக்கிழமை காலையில் போர்வைக்குள் ஒரு பொட்டலத்தை மறைத்துக்கொண்டு சந்தையூருக்குப் போனதைத் துரையின் தங்கை லவீனியா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பொட்டலத்தில் என்ன என்று கேட்டதற்கு ஹெஸ்டர் வாயைத் திறக்கவில்லை. தீர்ந்தது கதை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கான்ஸ்டபிள் டோபின் அவளை ஏற்றிக்கொண்டு பக்கத்து மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குப் போகப் போகிறார். எஜமான் வீட்டில் திருடினால் கைதிக் கப்பலில் ஏற்றி ஏழு வருஷம் கடல் தாண்டி அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அம்மாளைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

அந்த ஹெஸ்டரைத்தான் இரண்டு வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் வழியில் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். ஒரு கேள்வி கேட்க வேண்டும், ஒரே ஒரு கேள்வி. நூறு தடவையாவது வாய்வரைக்கும் வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு இறக்கிவிட்டிருக்கிறேன். முட்டாள்!

"இங்க வாய்யா. இதைப் பாரு" என்றார் திருமதி பெல்லாமி.

பிரசங்கப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். முதல் பதினாறு பக்கம் வெட்டியிருந்தது. அதற்குமேல் தாள்கள் அச்சாபீசிலிருந்து வந்தபடியே மடிந்து ஒட்டிக் கிடந்தன; ஓரத்தைக் கத்தியால் வெட்டினால்தான் படிக்க முடியும். இரண்டாம் பாகத்தை எடுத்தார். ஒரு மடிப்புகூட வெட்டவில்லை. மூன்று, நான்கு, பன்னிரண்டு வரைக்கும் அப்படியே.

"ஒரு ஃபாரம்தான் படிச்சிருக்காரு. பத்து வருஷத்துல பதினாறு பக்கம்" என்றார்.

"நிதானமாப் படிக்கிறவரு போல."

"படிக்கிற புத்தகத்துக்கு உள்ளே அழுக்கு இருக்கும். இதுக்கு வெளியில மட்டும் இருக்கு. அப்படின்னா இது புத்தகமே இல்ல, திரை. இதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உள்ளே வேற எதையோ வெச்சுப் படிக்கிறாரு." நாற்காலியிலிருந்து இறங்கி, துரையின் சாய்வு நாற்காலி மெத்தையின் இடுக்கில் விரலை விட்டு எடுத்தார். நகத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. "இது மடிப்பு வெட்டும்போது உதிர்ற காகிதத் தூசு. எங்க கடையில கூடை கூடையா இருக்கு. புதுசு புதுசா எதையோ வெட்டிக்கிட்டே இருந்திருக்காரு. அந்தப் புத்தகமெல்லாம் எங்கே? இந்த அறையில ஒண்ணைக்கூடக் காணோமே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பொட்டலம்!"

"காணாமப் போன கத்திக்கே இந்நேரம் புரிஞ்சிருக்கும். வா, அவகிட்டப் போவோம்."

ஹெஸ்டரைச் சமையலறைக்குப் பின்னால் சாமான் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள்.

"ஹெஸ்டர், பொட்டலத்துல புத்தகம்தானே?" என்றார் திருமதி பெல்லாமி.

அம்மாள் கதவில் காதை வைத்தார்.

"துரைக்காகத்தானே தூக்கிட்டுப் போனே?"

"நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் அம்மா. அவங்களே வந்து சொல்லுன்னு சொல்ற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

"கப்பல்ல ஏத்திடுவாங்க, பெண்ணே!"

"ஏத்தட்டும். நான் சொல்லி ஊரு அவரைப் பாத்துச் சிரிச்சா, அப்புறம் எனக்குச் சோறு இறங்குமா?" குரல் கதவருகே வந்தது. "கிம்பர் வந்திருக்காரா?"

"இருக்கேன்" என்றேன். பதினாறு வருஷம் கொம்பு ஊதினவனுக்குக் காற்றே இல்லை.

"மழை வருமா?" என்றாள் அவள்.

நான் சமையலறையைத் தாண்டி ஓடிப்போய் வண்டியைப் பூட்டினேன்.

மார்ட்டன் மூன்று மைல். சந்தைத் தெருவில் திரு. பீஸ்லியின் சந்தா நூல்நிலையம் இருக்கிறது. எங்களைப் பார்த்ததும் மனிதர் மேஜைக்குப் பின்னால் சுருங்கினார். மூன்று வருஷத்துக்கு முன்னால், நாவல்கள் ஊரைக் கெடுக்கின்றன, இந்தக் கடையை மூட வேண்டும் என்று சர்ச் கூட்டத்தில் மனுக் கொடுத்ததே டான்ஸ்லி துரைதான். அதிலிருந்து யார் வந்தாலும் அவருக்குப் பயம்.

"ஹெஸ்டர் லிட்கேட்டா? எங்க கடையிலேயே பெரிய வாசகி அந்தப் பொண்ணுதான். புதுசா மூணு பாக நாவல் வந்தா மொதல் ஆளா அவங்களுக்குத்தான். மடிப்பு வெட்டறதே அவங்கதான். ஓரத்துல பென்சில்ல குறிப்புகூட எழுதுவாங்க. எழுதக்கூடாதுன்னு விதி. ஆனா என்ன ரசனை!" என்றார்.

"அவளுக்கு அவ பேரையே எழுதத் தெரியாதே" என்றேன்.

பீஸ்லி விழித்தார். திருமதி பெல்லாமி கையை நீட்டினார். புதிதாக வந்திருந்த 'கிளாரிண்டாவின் சபதம்', இரண்டாம் பாகம், கைக்கு வந்தது. நூற்றுப் பத்தாம் பக்கத்தில் கதாநாயகனும் கிளாரிண்டாவும் இருட்டில் ஒரே குதிரைமேல் தப்பித்துப் போகிறார்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

*முப்பது மைல் நாலு கால் பாய்ச்சலில் ஓடியிருக்கிறது. தண்ணீர் காட்டினானா, இந்த மடையன்?*

இன்னும் இருபது பக்கம் தள்ளி, கிளாரிண்டா ஆற்றங்கரையில் மயங்கி விழுகிற இடத்தில்: *ஏழாவது தடவை. ஐயோ, என் கண்ணே!*

"கதாநாயகி தப்பிச்சாளான்னு பாக்காம குதிரைக்குத் தாகம் எடுக்குமேன்னு கவலைப்படறவரு இந்த ஜில்லாவுல யாரு ஜெத்ரோ?"

"லாயத்துல பதினோரு குதிரை வெச்சிருக்கறவரு."

"சரி. மூணாம் பாகம் எங்கே திரு. பீஸ்லி?"

"ஹெஸ்டர் நேத்துக் காலையில திருப்பிக் குடுத்துட்டாங்க. புதுப் புத்தகத்துக்குத் தவணை ஏழே நாள். அந்த வகையில ஒரு நாள்கூடத் தவற மாட்டாங்க."

திருமதி பெல்லாமியின் கண் மின்னியது. "துரை அவசரமாக் கிளம்பிப் போனாரு. படிச்சு முடிச்சிருக்க மாட்டாரு. உங்க விதிப்படி பக்க நுனியை மடக்கக்கூடாது. அப்போ படிச்ச இடத்துல அடையாளத்துக்கு எதை வெச்சிருப்பாரு?"

"கத்தி!" என்று கத்தினேன். "தவணை வந்துடுச்சுன்னு ஹெஸ்டர் கத்தியோடவே புத்தகத்தைக் கட்டிக் கொண்டாந்துட்டா! பீஸ்லி ஐயா, நீங்க தெறந்து பாக்கலியா?"

"எங்கே தெறக்கறது? அவங்க போயி கால் மணி ஆகலை, அடுத்த சந்தாதாரர் வந்துட்டாங்க. கட்டின காகிதம்கூட அவிழ்க்காம குடுத்தேன்." பதிவேட்டில் விரலை ஓட்டினார். "இதோ. திருமதி டாகெட். ஆல்டர்கூம் மாளிகை."

டாகெட் அம்மாள் அந்த மாளிகையின் சமையல்காரி. பெயருக்கு நேரே ஒரு சிலுவைக்குறி மட்டும் போட்டிருந்தது.

"அந்தம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. உப்பு ஜாடி எது, சர்க்கரை ஜாடி எதுன்னு எறும்பை வெச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. துரை ரெண்டு ஆள் வெச்சுப் படிக்கிறாரு போல. ஒருத்தி கொண்டுபோவா, ஒருத்தி கொண்டுவருவா" என்றேன்.

"துரைதான் ஊர்லயே இல்லையே" என்றார் திருமதி பெல்லாமி. வழி நெடுகத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று அடிக்க ஐந்து நிமிஷம். மாளிகை வாசலில் டோபினின் வண்டி நின்றது.

"அஞ்சு நிமிஷம் முன்னாலயே ஏத்திடுவான். ஏதாவது பண்ணு" என்றார் திருமதி பெல்லாமி.

பண்ணினேன். டோபின் உள்ளே கைதியைக் கூப்பிடப் போன நேரத்தில் அவருடைய வண்டிச் சக்கரத்தின் கடையாணியை உருவி என் பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். இது சட்டப்படி தப்பு. எழுதிக்கொள்ளுங்கள்.

புத்தக அறையில் எல்லாரும் கூடினோம். லவீனியா அம்மாள் கறுப்புப் பட்டு உடுத்து, பின்னல் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றார். ஹெஸ்டர் கதவோரம். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, பூட்ஸைப் பார்த்தேன்.

"பைண்டருக்கு இங்கே என்ன வேலை?" என்றார் லவீனியா.

"ஒரே ஒரு சந்தேகம் துரைசானியம்மா. கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார் திருமதி பெல்லாமி, ரொம்பப் பணிவாக. "வியாழக்கிழமை சாயங்காலம் கத்தியைக் காணோம்னு கண்டுபிடிச்சது நீங்கதானே? அதை எதுக்குத் தேடினீங்க?"

"எதுக்கா? கடிதம் பிரிக்க."

"கடிதத்துக்கு அரக்கு முத்திரைதானே? விரலாலயே உடைக்கலாமே."

"சரி, ஒரு சமயத் துண்டுப் பிரசுரம். மடிப்பு வெட்ட."

"அதெல்லாம் ஒத்தைத் தாளாச்சே, அம்மா. நான்தான் அச்சாபீசுக்கு அடுக்கிக் குடுக்கறேன். மடிப்பே கிடையாது."

லவீனியாவின் முகம் சிவந்தது. முதலில் கன்னம், அப்புறம் காது, அப்புறம் மூக்கு. "டோபின்! அந்தப் பெண்ணைக் கொண்டுபோ!"

டோபின் ஹெஸ்டரின் தோளில் கை வைத்தார். வைத்த அதே நேரத்தில் வெளியே குதிரைக் குளம்பு சத்தம், அப்புறம் படியேறுகிற சத்தம், அப்புறம் கதவு படாரென்று திறந்தது. டான்ஸ்லி துரை! சாயங்காலம் வர வேண்டியவர் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். மேலெல்லாம் சேறு.

"ஹெஸ்டர், அந்தப் புத்..." என்று ஆரம்பித்தவர் எங்களையெல்லாம் பார்த்து அப்படியே நிறுத்தினார். "இங்கே என்ன கூட்டம்?"

டோபின் விவரம் சொன்னார். கத்தி, பொட்டலம், வாயைத் திறக்காத வேலைக்காரி, பக்கத்து மாஜிஸ்ட்ரேட், கப்பல். துரை கேட்கக் கேட்க முகம் வெளிறிக்கொண்டே போனது. அவர் ஹெஸ்டரைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதீங்க என்று அர்த்தம்.

கைதிக் கப்பலில் ஏறப் போகிறவள் அவருடைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள்.

துரை தொப்பியைக் கழற்றினார். "டோபின், கையை எடு. அந்தப் பொட்டலம் என்னோடது. அதுல இருந்தது நாவல்."

"நா... நாவலா துரை?"

"ஆமாய்யா, நாவல். கிளாரிண்டா. அதுக்கு முன்னால ரோசமுண்டா. அதுக்கும் முன்னால ஒரு குருட்டு ராஜகுமாரி. பத்து வருஷமா இந்தப் பொண்ணு அவ பேருல எனக்கு எடுத்துட்டு வரா. அந்தக் கடையை மூடணும்னு மனுக் குடுத்தவன் நான். எதுக்குத் தெரியுமா? யாரும் என்னைச் சந்தேகப்படக்கூடாதுன்னு." ஒரு மூச்சு விட்டார். "பிரசங்கத்துல நான் பதினேழாம் பக்கத்தைப் பாத்ததே இல்ல. ஊரு சிரிக்கட்டும். நாளைக்குச் சந்தையில நீயே சொல்லு. ஆனா என் வெட்கத்தைக் காப்பாத்த ஒரு நல்ல பொண்ணு கடல் தாண்டிப் போகக்கூடாது."

ஹெஸ்டர் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"கத்தி?" என்றார் டோபின், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"படிச்ச இடத்துல வெச்சேன். புத்தகத்தோட போயிடுச்சு. இப்போ யாருகிட்ட இருக்கோ, கடவுளே!"

திருமதி பெல்லாமி லவீனியாவைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மறுபடி லவீனியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதும்.

லவீனியா பின்னல் கூடையின் நூற்கண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நீலம், சாம்பல், பழுப்பு. அடியில், குழந்தைச் சட்டைக்குள் சுற்றி, 'கிளாரிண்டாவின் சபதம்', மூன்றாம் பாகம்.

"டாகெட் பேருல எடுப்பேன்" என்றார், கேட்கக்கூட முடியாத குரலில். "எனக்கு ஒரு கெட்ட பழக்கம். முடிவைத்தான் முதல்ல படிப்பேன். நேத்து கடைசிப் பக்கத்தைத் திறந்தா, மடிப்பு வெட்டலை. அதான் கத்தியைத் தேடி வந்தேன். கத்தியைக் காணோம்னதும் கூச்சல் போட்டேன். அப்புறம் இந்த அமளியில புத்தகத்தைத் திறக்கவே இல்ல."

துரை புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். வெட்டின பக்கமும் வெட்டாத பக்கமும் சேருகிற இடத்தில் வெள்ளை வெளேரென்று கிடந்தது தந்தக் கத்தி.

"அதாவது," என்றேன் நான், அடக்க முடியாமல், "எந்தப் புத்தகத்தை வெட்டக் கத்தியைத் தேடினாங்களோ, அந்தப் புத்தகத்துக்குள்ளேயே—"

"வாயை மூடு ஜெத்ரோ" என்றார் திருமதி பெல்லாமி.

லவீனியா என்னைக் கவனிக்கவில்லை. நேரே ஹெஸ்டரிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் உனக்குச் செஞ்சது பெரிய பாவம். நேத்தெல்லாம் இதை மறைச்சு வெச்சுக்கிட்டு உன்னைத் திருடின்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடு." அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டு இந்த ஜில்லாவில் யாரும் பார்த்ததில்லை.

துரை தங்கையைப் பார்த்தார். "பத்து வருஷமா ஒரே மேஜையில சாப்பிடறோம், லவீனியா. நீ துண்டுப் பிரசுரம் பத்திப் பேசுவே. நான் பிரசங்கம் பத்திப் பேசுவேன். அழுதது நான் ஒருத்தன்தான்னு நெனச்சேனே!" என்று சொல்லி உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். லவீனியாவும் சிரித்தார். முதலில் அவருக்கே அது தெரியவில்லை போல, வாயைப் பொத்திக்கொண்டார்.

"துரை, அந்தக் கிளாரிண்டாவுக்குக் கல்யாணம் ஆயிடுதா?" என்றார் டோபின்.

"அதுதான்யா எனக்கும் தெரியணும்! எக்ஸிடர்லேருந்து அதுக்குத்தான் குதிரையை விரட்டிட்டு வந்தேன்." கத்தியை எடுத்து மடிப்பில் வைத்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஹெஸ்டர், இந்த வீட்டுல உனக்கு என்ன வேணுமோ கேளு. எதுவானாலும்."

ஹெஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பத்து வருஷமா இதைச் சுமக்கறேன் துரை. மழையில, பனியில. இன்னிக்கு இதுக்காகக் கப்பல் ஏறவும் இருந்தேன். உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. படிச்சுக் காட்டுங்க."

"இவ்வளவுதானா? உட்காரு, உட்காரு! இதோ ரெண்டு ஃபாரம்தான் பாக்கி."

"முடிவு வேணாம் துரை. முதல் பாகத்துலேருந்து."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பாகம், தொள்ளாயிரம் பக்கம். முடிவு கைக்கெட்டுகிற தூரத்தில், வெட்டாமல் இருக்கிறது. அந்த முகங்களைப் பார்க்க எனக்கே பாவமாகப் போய்விட்டது. டான்ஸ்லி துரை மாஜிஸ்ட்ரேட் குரலை வரவழைத்துக்கொண்டார். "நியாயம்தான். லவீனியா, கூடையைக் கீழே வை. ஏம்ப்பா வண்டிக்காரா, போய் முதல் பாகத்தைக் கொண்டுவா. என் பேருல எழுதச் சொல்லு. கொட்டை எழுத்துல."

வாசலில் டோபினுடைய கடையாணியைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தபோது ஹெஸ்டர் பின்னாலேயே வந்தாள்.

"ஹெஸ்டர், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். இப்பக் கேக்காதீங்க. அந்தப் புத்தகத்துல எப்படிக் கேக்கறாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கறேன். அதுக்கு அப்புறம் கேளுங்க, ஒத்துப் பாத்து முடிவு சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி உள்ளே போய்விட்டாள். இது எந்த ஊர் நியாயம்! பீஸ்லியிடம் முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில் லகானைக் குதிரையிடமே விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். நாற்பதாம் பக்கத்தில் ஒரு பிரபு மண்டியிட்டு, நிலா, கடல், தன் மரணம் என்று மூன்று பக்கத்துக்குக் கேட்கிறார். மூன்று பக்கம்! நான் அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தேன். தலை நிமிர்ந்தபோது வண்டி மாளிகை வாசலில் நின்றுகொண்டிருந்தது, ஹெஸ்டர் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

இறங்கி, சேற்றிலேயே மண்டியிட்டேன். நிலா ஞாபகம் வந்தது, கடல் ஞாபகம் வந்தது, வாயில் ஒன்றும் வரவில்லை.

"ஹெஸ்டர், என்னைக் கட்டிக்கிறியா?" என்றேன்.

"அந்தப் பிரபு இதைவிட நல்லாவா கேட்டாரு?"

"ரொம்ப நல்லா. மூணு பக்கம்."

"அவ என்ன சொன்னா?"

"மயங்கி விழுந்துட்டா."

"எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல" என்று என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "சரின்னு சொல்லிட்டேன். எழுந்து வாங்க, உள்ளே ரெண்டு பேரும் துடிச்சுக்கிட்டிருக்காங்க."